காலண்டரில் வைத்த புள்ளிகள்

விரல் நுனியில் நல்லெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். தொடர்ந்து ஐந்தாவது வெள்ளிக்கிழமையாக இன்றும் சாமி அறையில் நான்தான் விளக்கேற்றினேன். "அப்பா, நீங்களே ஏத்திருங்க லா" என்று நம் மகள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். நீ போய்ச் சேர்ந்த இந்த நான்கு வருடமாக அது அவளுடைய வேலை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் என்னிடம் வரும். ஏன் என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஐந்து வாரம் விடாமல் வந்தால்?

அவளுக்கு நாற்பத்தாறு வயது. எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. கைப்பேசி அடித்தால் வாசலில் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்து பேசுகிறாள். கறுப்பும் கருநீலமும் தவிர வேறு நிறம் உடுத்துவதில்லை. குளிர்பெட்டியின் மேல் இரும்புச்சத்து மாத்திரை. கேட்டதற்கு, "சும்மாப்பா, டயர்டா இருக்கு" என்றாள். அந்தச் 'சும்மா'வை நான் நம்பவில்லை. ஆனால் என்னையும் நான் நம்புவதில்லை. என் சந்தேகத்தின் லட்சணம் உனக்குத் தெரியுமே.

அப்போது லூனாஸ் ஊருக்கு வெளியே, ரப்பர் தோட்டத்து வீட்டில் இருந்தோம். ஆலையின் சோதனைக்கூடத்தில் ஒரு கரண்டி ரப்பர் பாலைக் காயவைத்து எடைபோட்டு, முழுத் தொட்டியும் எப்படி என்று சொல்வது என் வேலை. ஒரே பாலை மூன்று தடவை சோதிப்பேன். வீட்டில் ஒரு தடவைகூட வாய் திறக்கத் தெரியவில்லை. நீ விளக்கேற்றாத ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். ஆறு புள்ளிகள் சேர்ந்தன. வியாழக்கிழமைகளில் பக்கத்து வீட்டு மேரி அக்காவின் காரில் கூலிம் டவுனுக்குப் போய் வந்தாய். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். உன் புடவைகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை வேறு இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

மூன்று நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். நீ வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய்.

"மேரி அக்காவோட போறியே... நீ சாமி மாறிட்டியா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். சிரிப்பு பாதியில் நின்றது.

"சாமி மாறலங்க. ரத்தம் நிக்கல. அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. கர்ப்பப்பையிலேருந்து சதை எடுத்து சோதனைக்கு அனுப்பிருக்காங்க. கேன்சரான்னு பாக்கணுமாம். ரிசல்ட்டு இன்னும் வரல. ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் பொடவைக்கு அடியில இருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். காலண்டர்ல புள்ளி வச்சிக்கிட்டே வந்தீங்களே! தெரிஞ்சும் கேக்கல, அருவருப்பா இருக்கு போலன்னு விட்டுட்டேன்."

ரப்பரை எடுத்துப் புள்ளிகளை அழித்தேன். தாளில் தடம் இருந்தது.

அதன்பின் பன்னிரண்டு நாள் இருவருமாகக் காத்திருந்தோம். என் சந்தேகம் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. குப்பியில் பெயரை மாற்றி ஒட்டியிருப்பார்களோ? எடுத்த துண்டில் இல்லாதது எடுக்காத இடத்தில் இருக்குமோ? கவலைப்பட ஒன்றுமில்லை என்று அந்த மலாய்த் தாதி அவ்வளவு அவசரமாக ஏன் சொன்னாள்? நீ சாமி அறைக்குள் வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்று கும்பிட்டாய். "இப்பதாங்க உள்ள போயி நிக்கணும் போல இருக்கு" என்றாய். நான் உள்ளே நின்று மணியடித்துக்கொண்டிருந்தேன்.

புற்று இல்லை என்று வந்தது. கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருந்ததாம், மாத்திரை கொடுத்தார்கள். டாக்டரை மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். உன் அடையாள அட்டை எண்ணைத் தாளோடு ஒப்பிட்டேன். "இது உங்க ரப்பர் பாலு இல்லீங்க, வாங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாய். அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது இதயம். அதன்மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இன்று விளக்கேற்றிவிட்டு அடுப்படிக்குப் போனேன். மகள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ரத்தம் நிக்கலையா?"

குழாயை மூடினாள். இத்தனை வயதில் நான் அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"யாருப்பா சொன்னா?"

"அஞ்சு வெள்ளிக்கெழமையா நான்தானே வெளக்கு ஏத்துறேன்."

கையைத் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள்.

"போன வாரம் சதை எடுத்தாங்கப்பா. செவ்வாக்கெழமை ரிசல்ட்டு. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அம்மா இருந்தா சொல்லிருப்பேன்."

"நானும் வரேன்."

"ஐயோ, வேணாம். டாக்டரை ரெண்டு தடவ படிக்கச் சொல்வீங்க. அம்மா சொல்லிருக்காங்க."

"மூணு தடவ."

சிரித்தாள். உன்னுடையதைப் போலவே அதுவும் பாதியில் நின்றது.

செவ்வாய்க்கிழமை என்றது உண்மையா, முடிவு ஏற்கெனவே வந்து என்னிடம் மறைக்கிறாளா என்று இதை எழுதும்போதும் சந்தேகம்தான். அது என்னை விட்டுப் போகாது. அருவருப்பு என்று நீ சொன்ன அந்த ஒரு சொல்லும் போகவில்லை. இன்று என்னை அடுப்படி வரை நடத்திச் சென்றது அதுதான்.

பிறகு அவள் வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றாள். நான் உள்ளே போகவில்லை. அவள் பக்கத்தில் நின்றே கும்பிட்டேன். அப்புறம், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காலண்டரில் செவ்வாய்க்கிழமையைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன்.