உச்சிக்கிளை முறிந்தது

12-11-1958, புதன். கீழக்கரை.

என் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வரும் தோணி நேற்றே கரை சேர்ந்திருக்க வேண்டும். கூடவே கிளம்பிய இன்னொரு தோணி வந்துவிட்டது, இதை மட்டும் காணவில்லை என்று காலையில் அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனார். மாமியிடம் நான் சொல்லவில்லை.

மாமிக்கோ இன்று பார்த்துச் சட்டி மரத்தின் நினைவு. இவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த குட்டை ஆலமரம் அது. கிளையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, விழப்போவது போல் நிற்கும்.

"மகன் வர்றதுக்குள்ள இதை அழகாக்கிருவோம்மா" என்று மாமி சட்டியைப் பிடித்துக்கொண்டார். இவர் முன்பு காட்டித் தந்தபடி கிளையில் செம்புக் கம்பியைச் சுற்றி மெதுவாக வளைத்தேன். காற்றில் கதவு படாரென்று அடித்தது. என் கை உதறி, உச்சிக்கிளை முறிந்துவிட்டது.

அழுதுவிட்டேன். மாமி திட்டவில்லை. முறிந்ததை வெட்டச் சொன்னார். கீழிருந்த சின்னக் கிளையை மேலே தூக்கிக் கட்டினோம். மரம் இப்போது சாயாமல், முன்னைவிட நன்றாகவே நிற்கிறது.

கை கழுவும்போது மாமி கேட்டார்: "ஒரு கிளைக்கா இப்படி அழுவாக? காலைல ஒங்க அண்ணன் தோணியைப் பத்தி என்ன சொன்னாரு?"

சொன்னேன்.

"அல்லா காப்பாத்துவான்" என்றார். ராத்திரி மகனுக்கும் சேர்த்தே உலை வைத்தார்.

காற்று இன்னும் அடங்கவில்லை. இவருக்கான சோறு மூடியபடியே இருக்கிறது.