சிகாகோவில் காலை எட்டு மணி

லேக் மார்க்கெட், கொல்கத்தா
3 நவம்பர் 2025

அன்புள்ள அனந்து,

நலம்தானே? நலமாகத்தான் இருப்பாய், பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருக்கிறதே. தினமும் இங்கே சாயங்காலம் ஏழரைக்கு நான் போன் செய்வேன். உனக்குக் காலை ஒன்பது, ஆபீஸில் காபியோடு பேசுவாய். இன்றைக்கு எடுத்தது ஒரு பெண். "பௌதி, நான் சுப்ரியா, அவர் வண்டி ஓட்டறார்" என்று வங்காளத்தில் குழைந்தாள். அண்ணி என்று கூப்பிட்டுவிட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா? ஏப்ரலில்தான் போனாய், அதற்குள் பக்கத்து சீட்டில் ஒருத்தி!

பத்மஜா

சிகாகோ
4 நவம்பர்

அன்புள்ள பத்மா,

உன் மெயிலை வாசித்துச் சிரித்துவிட்டேன். குற்றவாளி சுப்ரியா இல்லை, உன் சாஃப்ட்வேர். ஞாயிற்றுக்கிழமை இங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அந்த நாளுக்கு மட்டும் இருபத்தைந்து மணி நேரம். இங்குள்ள கிளினிக்குக்காக நீ எழுதும் அப்பாயிண்ட்மெண்ட் புரோகிராமில் நம் போனையும் போட்டுச் சோதிக்கிறாயே, அது 'நாளை இதே நேரம்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு இருபத்துநாலைக் கூட்டுகிறது. ஒன்பது மணி போன் எட்டுக்கே வந்துவிட்டது. எட்டுக்கு நான் எப்போதும் ரோட்டில்தான். ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது, அவள் எடுத்தாள். இவ்வளவுதான்.

உன் அனந்து

கொல்கத்தா
6 நவம்பர்

அனந்து,

நீ சொன்னது சரி. கிளினிக்கிலும் திங்கட்கிழமை நோயாளிகள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து பூட்டிய கதவைத் தட்டினார்களாம். திருத்திவிட்டேன், புரோகிராம் இப்போது மணியைக் கூட்டுவதில்லை. எந்த ஊர், அந்த ஊர்க் கடிகாரத்தில் எத்தனை மணி என்று பார்த்து வேலை செய்கிறது. மானேஜர் "தாருண்!", அதாவது பிரமாதம், என்று முதுகில் தட்டாத குறை.

ஆனால் 'எப்போதும் ரோட்டில்' என்கிறாயே, ட்ரெயின் கூட்டத்தைப் பற்றி என்னிடம் புலம்பியதெல்லாம் என்ன? கோடை முழுக்க எட்டு மணிக்கு அவள் உன் பக்கத்தில் இருந்திருக்கிறாள். நான் ஒன்பதுக்குக் கூப்பிட்டதால் தெரியவில்லை. என் புரோகிராம் தப்புப் பண்ணாவிட்டால் என்றைக்குச் சொல்லியிருப்பாய்?

பத்மஜா

சிகாகோ
7 நவம்பர்

பத்மா,

ட்ரெயினில் போனது முதல் மாதம் மட்டும்தான். சுப்ரியா என் ஆபீஸ்தான், கார் அவளுடையது. அவளுக்கு ஹைவேயில் ஓட்டப் பயம், எனக்குக் கார் இல்லை. சொன்னால் நீ இப்படி எரிவாய் என்றுதான் சொல்லவில்லை. வேறு ஒன்றுமில்லை, சத்தியம். திங்கட்கிழமையிலிருந்து ட்ரெயினிலேயே போகிறேன். போதுமா?

அனந்து

கொல்கத்தா
8 நவம்பர்

அனந்து,

பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன். நேற்றுச் சோறு இறங்கவில்லை. ஆனால் ட்ரெயினெல்லாம் வேண்டாம். நீ ட்ரெயினில் போவதாக நான் இன்னொரு தடவை நம்பவும் வேண்டாம். அவளோடேயே போ.

நம் போனை மாற்றிவிட்டேன். சிகாகோ நேரம், காலை எட்டு. மார்ச்சில் உங்கள் கடிகாரம் முன்னால் போனாலும் எட்டுதான். எனக்கு அப்போது சாயங்காலம் ஆறரை, ஆபீஸ் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பேன், பரவாயில்லை.

திங்கட்கிழமை மணி அடித்ததும் ஸ்பீக்கரில் போடச் சொல். நானும் சுப்ரியாவும் வங்காளத்திலேயே பேசிக்கொள்கிறோம். நீ பேசாமல் ரோட்டைப் பார்த்து ஓட்டு.

பத்மஜா