கூடம் கோணல்தான்

இன்று காலை அந்த மஞ்சள் விளக்கு எனக்கும் எரிந்தது.

சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு வந்துகொண்டிருந்தேன். ஸ்டியரிங் படமும் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியுமாக விளக்கு வந்தது. உடனே கை கனத்தது. கை இல்லை, ஸ்டியரிங். பார், இப்போதும் எனக்கு முதலில் கை என்றுதான் எழுத வருகிறது.

வளைவு வந்தது. அதுவரை சொன்ன பேச்சைக் கேட்ட வண்டி, மாவு நிறைந்த ஆட்டுக்கல்லைப் போலத் திரும்ப மறுத்தது. உடம்பு முழுவதையும் சாய்த்து இழுத்துத்தான் ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த டவுன் பஸ்காரர் தலையை நீட்டி, "இன்னா டீச்சர், தூக்கமா?" என்று கேட்டார்.

"இல்லங்க, ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்குது" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது உன் வாக்கியம். அதே சாலையில், எனக்கு நீ சொன்னது.

இந்த வண்டியை ஊரில் எல்லோரும் டீச்சர் கார் என்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. ஆனால் இது நீ புடவை விற்று வாங்கிய வண்டி. அதற்கு முன்னால் மூட்டையோடு பஸ் ஏறித் தளவானூர், பனமலை என்று ஊர் ஊராகப் போய்வந்தாய். ஒவ்வொரு முறையும் கண்டக்டரோடு சண்டை. கார் வந்த அன்று மூட்டையைப் பின் சீட்டில் வைத்து, "இனிமே இவ மகாராணிடி. எவன் இவளுக்கு டிக்கெட் போடுறான் பாக்கலாம்" என்று சிரித்தாய்.

காரால் உனக்கு இன்னொரு நன்மையும் இருந்தது. உங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. சமணக் குடும்பத்து வழக்கம். பஸ் காலை வாரிய நாட்களில் நீ பட்டினி. "கார் இருந்தா வெளிச்சத்தோட வந்து ரெண்டு வாய் சாப்ட்டுடுவேன். எனக்கு அது போதும்டி" என்றாய். பெரிய ஆசை எதுவும் உனக்கு இருந்ததில்லை.

பிறகு அந்தப் புரட்டாசி சனிக்கிழமை. சிங்கவரம் பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது நானும் தெருவில் இன்னும் மூன்று பேரும்தான். உனக்கு அங்கே வேண்டுதல் ஒன்றும் இல்லை. எங்களுக்காக வண்டி எடுத்தாய். உனக்கு முன்பே கார் ஓட்டக் கற்றவள் என்ற தோரணையில் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வழி நெடுக யோசனை சொல்லிக்கொண்டு வந்தேன்.

வளைவில் நீ, "டீ, திரும்ப மாட்டேங்குது" என்றாய். நான், "ஒடிடி, நல்லா ஒடி" என்று கத்தினேன். வண்டி நேராகப் போய், சாலையோரம் கடலைக்காகப் பிடுங்கிக் குவித்திருந்த மல்லாட்டைச் செடிகளில் மூக்கைச் செருகி நின்றது. யாருக்கும் அடியில்லை. கோயிலுக்குப் போகிற கூட்டம் மட்டும் சுற்றிக்கொண்டது.

இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடாமல் நீ உட்கார்ந்திருந்தாய். "மஞ்சளா ஒரு விளக்கு வந்துச்சுடி. அப்பறம் கல்லாட்டம் ஆயிடுச்சு."

நான் உன்னை இறங்கச் சொன்னேன். நின்றுபோயிருந்த வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்தேன். விளக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பின்னால் எடுத்து, கூட்டம் பார்க்க, ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டினேன்.

"ஒத்த வெரல்ல திரும்புது பாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

கூட்டம் சிரித்தது. நம்மோடு வந்த மூவரும் சிரித்தார்கள். கொஞ்சம் தாமதமாக நீயும் சிரித்தாய். மற்றவர்கள் சிரித்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. உன் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகும் நீ ஓட்டிப் பார்த்தாய். "மறுபடியும் கனத்துச்சுடி" என்று வந்து நின்றாய். "அது பயம்டி. பயத்துல உன் கைதான் இறுகிக்குது" என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். நீ அதை நம்பிவிட்டாய். கைக்குத் தெம்பு வரட்டும் என்று தினமும் தைலம் தேய்த்துக்கொண்டாய். கடைசியில், "என் கைக்கு இது ஒத்து வரல. நீயே வாங்கிக்கோடி, நல்லா ஓட்டுற" என்று சாவியைக் கொடுத்தாய். நான் மறுக்கக்கூட இல்லை. மகாராணி மூட்டை மறுபடி பஸ்ஸுக்குப் போனது. பொழுதோடு வீடு சேர முடியாத நாட்களில் நீ வெறும் வயிற்றோடு படுத்தாய். உன் காரில் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்ட நான் சாவகாசமாகத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பனமலை ஏரிக்கரையில் ஒருநாள், நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எனக்கும் கனத்தது. நான் வண்டியை நிறுத்தி, "டயர்ல காத்து கம்மி போல" என்றேன். விளக்கு எரிந்ததா என்று நான் பார்க்கவில்லை. நீ பார்த்திருப்பாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய். சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தபோது எல்லாம் சரியாக இருந்தது. "பாத்தியா, காத்துதான். போற வழியில புடிச்சுக்கலாம்" என்றேன்.

"காத்தாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்தபடி வந்தாய்.

உனக்கு நடந்தால் கையில் குறை. எனக்கு நடந்தால் டயரில் குறை. இதை அன்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். நீ உயிரோடு இருந்தாய், பக்கத்திலேயே இருந்தாய்.

இன்று வண்டியைப் பார்த்த எலக்ட்ரீஷியன் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஒரு ஒயர் முனையை இழுத்துக் காட்டினார். பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. "ஸ்டியரிங்க திருப்ப ஒரு மோட்டார் இருக்குதுக்கா. இந்த எடத்துல ஆட்டம் குடுத்தா மோட்டாருக்குக் கரண்ட் போவாது, விளக்கு எரியும். அப்பறம் நம்ம கைதான் முழுசா இழுக்கணும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திரும்ப வந்துடும். ரொம்ப நாளாவே இப்படித்தான் இருந்திருக்கும்."

கூடம் கோணலாகத்தான் இருந்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் என்று நான்தான் ஊரைக் கூட்டிச் சொன்னேன்.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். நீ போய்ச் சேர்ந்த தை மாதத்துக்குப் பிறகு நான் அங்கே அதிகம் போனதில்லை. உன் வீட்டுக்கார அண்ணன் அப்போதுதான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பச்சை பூத்த ஒயரிலிருந்து பனமலை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் நேரமாகிவிட்டது.

அண்ணன் சோற்றைப் பிசைந்த கையை எடுக்காமல் கேட்டார். பிறகு, "எங்கிட்டயும் சொன்னா டீச்சர், வண்டியிலதான் கோளாறுன்னு. டீச்சரே ஓட்டிப் பாத்துட்டாங்க, நீ சும்மா இருன்னுட்டேன்" என்றார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. உன்னைப் பொய்யாக்க அந்த வீட்டில் என் பெயரே போதுமானதாக இருந்திருக்கிறது.

அண்ணன் வாசல் பக்கம் பார்த்தார். ராஜகிரி மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய்விட்டிருந்தது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

"ஐயோ, நான் வந்து கெடுத்துட்டேனே. சாப்பிடுங்கண்ணா."

"பரவால்ல டீச்சர்" என்றார். "எனக்கு ஒரு நாள்தான?"

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வண்டி இப்போது சரியாகிவிட்டது. எலக்ட்ரீஷியனும் ஒற்றை விரலால்தான் சுற்றிக் காட்டினார். வீட்டுக்கு வரும்போது நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் அந்த ஆள்காட்டி விரல் என் கண் முன்னாலேயே இருக்கிறது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.