பசை காயட்டும் என்று சொன்ன சாயங்காலம்

என் எஸ்தர் கண்ணு,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, உங்கள் மரங்களின் பண்டிகைக்கு மலீதா செய்ய அவல் மேல் தண்ணீர் தெளித்தது. ஊறப்போடவில்லை, தெளித்தேன். முதல் வருஷம் ஒரு கிலோ அவலையும் பாத்திரத்தில் முக்கிக் கூழாக்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மலீதா இல்ல. செவுத்துல போஸ்டர் ஒட்டலாம்" என்றாயே. இன்று தேங்காய் துருவிப் போட்டேன். சர்க்கரை, ஏலக்காய், முந்திரி. ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். உன் கையில் வருவது போலவே வந்திருக்கிறது. நீ இல்லாத வருஷத்தில்தானா எனக்கு இது சரியாக வர வேண்டும்?

உங்கள் யூதக் காலண்டர் கணக்கில் நீ போய் இன்றோடு ஒரு வருஷம். அன்று பகலிலேயே உன்னை விமானத்தில் ஏற்றி உன் அம்மா அப்பா பக்கத்தில் மண்ணில் வைக்க மும்பைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே அடையாற்றில் உன் முன்னால் போய் நிற்க எனக்கு ஓர் இடம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் குடியிருப்பில் பெரிதாக எதுவும் மாறவில்லை. மோட்டார் மாதத்துக்கு ஒரு முறை கெடுகிறது. சங்கக் கூட்டம் நடக்கிறது. நீ வந்த புதிதில் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, "தண்ணி மேல ஏறல, மோட்டர்ல இன்னாமோ ராங்கா கீது" என்றதும் எல்லோரும் வாயைப் பிளந்தது நினைவிருக்கிறதா? உனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது ஊரூர் குப்பத்து மீன்காரப் பெண்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எஸ்தர் என்ற பெயரைக் கேட்டு, "எந்தச் சர்ச்சும்மா?" என்று விசாரித்த இரண்டாம் மாடி மாமி இப்போது தொலைக்காட்சியில் யூதர்கள் என்ற வார்த்தை வந்தாலே, "நம்ம எஸ்தரோட ஆளுங்க" என்கிறாள்.

உன் மகள் ஷிராவைப் பற்றித்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தள்ளிப்போடுகிறேன்.

அவளுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் வீட்டுக்குத்தான் வருகிறாள். சாப்பிடுகிறாள், வீட்டுப்பாடம் எழுதுகிறாள், உன் டேனியல் அலுவலகத்திலிருந்து வந்ததும் எதிரே உங்கள் வீட்டுக்குப் போகிறாள். ஆனால் அப்பாவோடு பேசுவதில்லை. கையெழுத்து வேண்டுமென்றால் நோட்டை மேசையில் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். ஒரு வருஷமாக இப்படி. அவள் கோபம் தப்பான ஆள் மேல் விழுந்திருக்கிறது, எஸ்தர். அதற்கு உரியவள் நான். அது டேனியலுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

நேற்றுக் கல்லூரியில் வகுப்பு முடிந்ததும் மயிலாப்பூர் மாட வீதிக்கு நடந்தேன். நாம் இருவரும் வழக்கமாகப் பழம் வாங்கும் அதே வண்டிக்கார அம்மா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாக்கா! தை பொறந்தா வந்துடுவியே நீ. மாதுள கீது, அத்தி கீது, பேரீச்சம் புச்சா வந்துகீது. எங்க உங் கூட்டாளி? ஒரு ஒரு பழமா மோந்து பாத்து என் உசுர எடுக்குமே அந்தம்மா!"

"ஊருக்குப் போயிருக்கா" என்றேன்.

"எப்ப வருது?"

"தெரியலம்மா."

"வந்தா இட்டாந்துரு. இல்லாங்காட்டி எனுக்கு வேவாரம் பண்ணாப்லயே இல்ல."

பையை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தேன். பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன். அந்த நேரத்துக்கு எதிரே இருப்பவரின் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். பிறகு அந்தப் பொய்யோடு யார் வாழப்போகிறார்கள் என்று நான் யோசிப்பதே இல்லை.

போன வருஷமும் அப்படித்தான்.

நீ மருத்துவமனையில் படுத்திருந்தாய். பண்டிகைக்குச் சோளப்பொரி பூ செய்யும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருந்தாய். உங்கள் முன்னோர் நாட்டுக் கதையில் இந்தப் பருவத்தில் முதலில் பூப்பது வாதுமை மரம். இங்கே அந்த மரம் ஏது? அதனால் காய்ந்த குச்சிகளில் பொரியையும் ரோஸ் காகிதத்தையும் ஒட்டி நாமே பூக்க வைப்போம் என்று நீதானே ஆரம்பித்தாய்? ஷிரா பகல் முழுதும் உட்கார்ந்து உனக்காக ஒரு கிளை செய்தாள். முழங்கை நீளம். நுனியில் மொட்டுகூட வைத்திருந்தாள். "பண்டிகை அன்னிக்கு ஷிராவையும் கிளையையும் கூட்டிட்டு வாங்க அக்கா" என்று நீ முந்தின நாளே சொல்லியிருந்தாய்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் டேனியல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "எஸ்தர் கேக்கறா. இப்ப கூட்டிட்டு வர முடியுமா அக்கா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாளைக்குத்தானே பண்டிகை. காலைல தலைக்கு ஊத்தி, நல்ல டிரெஸ் போட்டுக் கூட்டிட்டு வரேன். பசையும் இன்னும் காயல, காயட்டும்."

உங்களுக்கு நாள் பொழுது சாயும்போதே பிறந்துவிடும் என்று நீ எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாய்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் வீட்டில் விளக்கேற்றுவதை ஒவ்வொரு வாரமும் பார்த்தவள்தானே நான்? ஆனால் குழந்தைகளோடு மரங்களின் பண்டிகையை நாம் எப்போதும் காலையில்தான் வைத்தோம். நாள் என்றால் விடிந்தால்தான் என்று என் புத்தியில் ஊறிக் கிடந்தது. உனக்குப் பண்டிகை வந்துவிட்டது, நீ எங்களுக்காகக் காத்திருக்கிறாய் என்று அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவே இல்லை. டேனியலும் களைத்துப்போயிருந்தார். "சரிக்கா" என்று வைத்துவிட்டார்.

அது தவறுதான். ஆனால் அதற்காக நான் இந்தக் கடிதம் எழுத மாட்டேன். நீயே சிரித்து மன்னித்திருப்பாய்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஷிரா ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கையில் கிளை. "போலாமா பெரியம்மா?" அவளிடம் நான்தான் வேண்டாமென்றேன் என்று சொல்லியிருக்கலாம். அழுவாள், அடம் பிடிப்பாள். எனக்கு அன்று இரவுக்குள் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடிக்க வேண்டியிருந்தது. "அப்பா இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிட்டார்டா" என்றேன். எவ்வளவு சின்ன வாக்கியம்! அவள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

விடிவதற்கு முன் நீ போய்விட்டாய்.

அன்று சாயங்காலம் நீ கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாயா? டேனியலிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் மும்பைக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்தக் கிளையில் எறும்பு ஏறி, பொரியெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. நான்தான் கூட்டி அள்ளினேன்.

பார்த்தாயா, 'நீங்கள்' என்று எழுதிவிட்டேன். அவர்கள் இருவர்தான் திரும்பினார்கள்.

இந்த வருஷம் பண்டிகை வேண்டாமென்றுதான் நானும் டேனியலும் நினைத்தோம். ஷிராதான் விடவில்லை. "அம்மா ஃபீவர்லகூட நிறுத்தினதில்ல" என்றாள். நேற்றுப் பொழுது சாய்ந்ததும் டேனியல் உனக்காக ஒரு விளக்கேற்றினார். ஷிரா சற்றுத் தள்ளி, என் பக்கத்தில் நின்றாள். இன்று விடுமுறை. காலையில் கார் நிறுத்துமிடத்தில் பாய் விரித்தோம். எட்டுக் குழந்தைகள்.

ஷிரா உன்னைப் போலவே மூன்று தட்டுகள் வைத்தாள். தோல் தின்ன முடியாத பழம் ஒன்றில், உள்ளே கொட்டை இருப்பது ஒன்றில், அப்படியே விழுங்கக்கூடியது ஒன்றில். மேல் மாடி யாழினி புளியம்பழத்தோடு வந்துவிட்டாள்.

"இதுக்கு வெளிய ஓடும் கீது, உள்ள கொட்டையும் கீது. எந்தத் தட்டு?"

"கீதுன்னு பேசாத, மிஸ் திட்டுவாங்க" என்றது ஒரு வாண்டு.

"எஸ்தர் ஆன்ட்டி பேசுனாங்க இல்ல? அவங்கள எந்த மிஸ் திட்டினாங்க?"

ஷிரா சிரித்தாள். எத்தனை நாளாயிற்று என்று நான் எண்ணவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வாழைப்பழச் சண்டை. வாழை மரமே இல்லை, அதற்கு மரப் பழத்துக்கான ஜபம் கிடையாது, நிலத்தில் விளைவதற்கான ஜபத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று ஷிரா சொல்லவும் குழந்தைகள் கொதித்துவிட்டார்கள். "கல்யாண வாசல்ல கட்டறது பின்ன இன்னா, புல்லா?" என்றாள் யாழினி. "ஆமா, பெரிய புல்லு" என்றாள் உன் மகள், அசையாமல், உன் குரலில்.

பச்சைத் திராட்சைச் சாற்றில் பன்னீர் திராட்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, வெள்ளையிலிருந்து சிவப்பு வரை நாலு தம்ளர் குடித்தார்கள். தனியாவை அப்பளக் குழவியால் இரண்டாக உடைத்துப் பால் கவர் மண்ணில் விதைத்தார்கள். உங்கள் அடுத்த பெரிய பண்டிகைக்குள் கொத்தமல்லி கிள்ளிவிடலாம். அப்புறம் குச்சிகள் வந்தன. எல்லோரும் பொரி ஒட்டினார்கள். ஷிரா மட்டும் பசைக் கிண்ணத்தை மற்றவர்களுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் அக்கா ஒட்டல?" யாழினிதான்.

"போன வருஷம் ஒட்டினேன்."

"எங்க அது?"

"எங்கயும் இல்ல. அம்மாகிட்டக் காட்டவே இல்ல. எங்க அப்பா வரவேண்டாம்னு சொல்லிட்டார்."

டேனியல் மலீதாத் தட்டோடு படியிறங்கி வந்து அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டது அவருக்கு. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தட்டைப் பாயில் வைத்து, குனிந்து, "யாருக்கு முதல்ல வேணும்?" என்றார். குழந்தைகளின் கைகள் எல்லாம் நீண்டன, ஒரு கையைத் தவிர.

எல்லாம் முடிந்து, பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன். "ஏன் அவகிட்ட சொல்லல நீங்க? நீங்க கூட்டிட்டு வரச் சொன்னீங்க, நான்தான் வரலன்னு?"

"முதல் வாரமே வாய் வரைக்கும் வந்துச்சு" என்றார். அவருடைய அலுவலகத் தமிழ் உனக்குத் தெரியும், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து வைப்பார். "என் மேல கோபம் இருக்கட்டும் அக்கா. நான் அப்பா, எங்கயும் போக மாட்டேன். உங்க மேல கோபம் வந்துட்டா அவ ஸ்கூல்லேர்ந்து எந்த வீட்டுக்கு வருவா? யார்கிட்ட அம்மாவப் பத்திப் பேசுவா?"

"அதுக்காக வாழ்நாள் பூரா இப்படியே விட்டுடுவீங்களா?"

"பெரியவளாகட்டும்" என்றார். பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

அவரிடம் நான் இன்று வரை மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, எஸ்தர். ஒரு வருஷம். அந்த மனிதன் தினமும் எதிர் வீட்டில் மகளுக்குத் தட்டு வைத்து, பதில் வராத கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரி விட்டுக்கொண்டு, அவள் என்னிடம் மட்டும் பேசுவதைப் பெருமையாகக்கூட நினைத்திருக்கிறேன். இதைத்தான் உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பிள்ளை இல்லை. அவள் கோபத்தின் லாபம் எனக்கு வந்துகொண்டிருந்தது.

நாளை அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவாள். சாப்பாடு போட்ட பிறகு சொல்லலாமா என்று இவ்வளவு நேரமாக யோசித்தேன். அதுவும் என் சௌகரியத்துக்குத்தான், வயிறு நிறைந்தால் கோபம் குறையும் என்ற கணக்கு. வேண்டாம். பையைக் கழற்றி வைத்ததும் உட்கார வைத்து, போனில் நான் சொன்னதையும் அவளிடம் சொன்னதையும் வார்த்தை மாறாமல் சொல்வேன். தெரியாமல் செய்தது எது, தெரிந்து செய்தது எது என்று பிரித்துச் சொல்வேன். அழ மாட்டேன், அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். எழுந்து போகிறாள் என்றால் போகட்டும், எதிர்க் கதவு திறந்திருக்கும். டேனியலை நாளைக்குச் சீக்கிரம் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கென்று சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்.

என்றாவது இந்தக் கடிதத்தை மற்றவர்கள் படிக்கக் கொடுத்தால், அதற்குள் அவள் என் வாயால் எல்லாம் கேட்டு முடித்திருப்பாள். அதற்கு முன் ஒருவர் கண்ணிலும் படாது, இது உனக்கு என் வாக்கு. நாளைக்குப் பிறகு அவள் என்னை எப்படிக் கூப்பிடுவாளோ எனக்குத் தெரியாது. இன்று வரைக்கும் எனக்கு இருக்கும் பெயரில் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அக்கா,
ஷிராவின் பெரியம்மா