முதலில் பந்தைத்தான் தொட்டாய்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். போனில் பேசினால் "சாப்பிட்டியா, அங்கே குளிருதா" என்பதைத் தாண்டி நாம் போவதே இல்லை. அதனால்தான் கடிதம்.

இந்த ஃபுட்பால் கிளப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. பதினான்கு ஆட்டம் ஆடிவிட்டேன். என் அறையில் கூட இருப்பவள் எங்கள் கோல்கீப்பர். கையுறையைத் துவைத்து ஜன்னலில் காயப்போடுவாள். அந்த நாற்றத்துக்குக் காக்கா கூட எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

போன சனிக்கிழமை தோற்றோம், அண்ணா. என்னால். பந்து எனக்கும் எதிரணிக்காரிக்கும் நடுவில் இருந்தது. காலை நீட்டியிருந்தால் எனக்குத்தான். பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் எடுத்துப் போய் கோல் போட்டாள். கோச் அந்த வீடியோவை எல்லார் முன்னாலும் நாலு தடவை ஓட்டிக் காட்டினார். "நடுக்களத்தில் ஆடுகிறவளுக்குப் பாதி வேலை கொடுப்பது, பாதி வேலை பறிப்பது. உனக்கு முதல் பாதி மட்டும்தான் தெரியும்" என்றார். இனி பெஞ்சுதான். ஒப்பந்தம் ஜூன் வரைக்கும்.

அண்ணிக்கு என் அன்பு. பாப்பாவுக்குப் பல் வந்துவிட்டதா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் தங்கை

பிப்ரவரி 21

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. கோழி கிறுக்கின மாதிரி எழுதுகிறாய், அண்ணிதான் வாசித்துக் காட்டினாள்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பாப்பாவுக்கு இரண்டு பல். முதல் கடி எனக்குத்தான். டிப்போவில் நாற்பது பஸ், நாங்கள் ஐந்து மெக்கானிக். பிரேக் கத்துகிறது என்று வரும் டிரைவர்கள் வண்டியை விட அதிகமாகக் கத்துகிறார்கள். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. மழை வருமா என்று அதைத்தான் எல்லாரும் கேட்டுக் குடை எடுக்கிறார்கள்.

கோச் சொல்வதைக் கேள். பயந்தால் காரியம் ஆகாது. முட்டை சாப்பிடு. அம்மா உன் போட்டோவைப் பார்த்துவிட்டு "கழுத்தெலும்பு தெரியுது" என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினாள்.

அண்ணன்

மார்ச் 8

அண்ணா,

நான் ஒன்று கேட்டால் நீ முட்டையைப் பற்றி எழுதுகிறாய்.

நானே சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷமாச்சு. உனக்குக் கிளப் தேர்வுக்கு எட்டே நாள் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் நாம் இரண்டு பேர் மட்டும். "கூச்சப்படாம வா, பறிச்சுக்கோ பார்ப்போம்" என்றாய். வந்தேன். உன் முழங்காலில் கேட்ட அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று நீ சொன்னாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அம்மாவிடமும் அதையேதான் சொன்னோம்.

பந்துக்குக் குறுக்கே யார் கால் வந்தாலும் எனக்கு உன் கால்தான் தெரிகிறது. கோச் காரணம் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நாலு ஆட்டமாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஜூனில் வீட்டுக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் டிப்போவில் டிக்கெட் கொடுக்கிற வேலை ஏதாவது இருக்குமா?

தங்கை

மார்ச் 19

வாலு,

உன் கடிதத்தை ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தேன். வேறெங்கே படித்தாலும் யாராவது என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

ஆமாம், உன் கால்தான் பட்டது. இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஆனால் நீ முதலில் பந்தைத்தான் தொட்டாய். சுத்தமாகப் பறித்துவிட்டாய். பந்து போன பிறகு காலை உள்ளே விட்டவன் நான். பதினாறு வயசுத் தங்கச்சி என்னை விட வேகமாகிவிட்டாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. வழுக்கி விழுந்தேன் என்று சொன்னது உன்னைக் காப்பாற்ற மட்டும் இல்லை. உன்னிடம் பந்தை விட்டேன் என்று சொல்ல வெட்கம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ ஊரை விட்டுக் கிளம்பிய அன்று எனக்கு ஷிப்டு இருக்கிறது என்றேன். ஷிப்டு கிடையாது. வயிற்றெரிச்சல். கேன்டீனில் ஒரே டீயை வைத்துக்கொண்டு மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ரயில் போயிருக்கும் என்று தெரிந்த பிறகுதான் அழுகை வந்தது. அதுவரைக்கும் கோபம்தான் இருந்தது.

நேற்று அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "அன்னிக்கே தெரியும்டா. நீங்க ரெண்டு பேரும் ஒத்துமையா ஒரே கதைய சொன்னது அன்னிக்கு மட்டும்தான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாம்.

டிக்கெட் கொடுக்கிற வேலை காலியாகத்தான் இருக்கிறது. உனக்குக் கிடையாது.

உன் அண்ணன்

ஏப்ரல் 16

என் அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. முதலில் உன் மேல் கோபம் வந்தது. ஏழு வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்திருந்தாயே, பாவி. அப்புறம் கோல்கீப்பர் தோளில் சாய்ந்து ஒரு மூச்சு அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கூடச் சேர்ந்து அழுதாள்.

கோச்சிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "சனிக்கிழமை அரை மணி நேரம் தருகிறேன்" என்றார், அவ்வளவுதான்.

இறங்கினேன். பத்து நிமிஷத்தில் அவர்களுடைய எட்டாம் நம்பர், என்னை விட ஒரு சாண் உயரம், பந்தைக் கொஞ்சம் நீட்டித் தள்ளினாள். பயம் போகவில்லை, அண்ணா. பயத்தோடுதான் போனேன். பந்து என் காலுக்கு வந்தது. அவள் விழுந்தாள். பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எழுந்தாள், மண்ணைத் தட்டினாள், இரண்டு மொழியில் என்னைத் திட்டிவிட்டு ஓடினாள். திட்டு இவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆட்டம் டிரா. நின்று வேடிக்கை பார்த்ததற்குக் கோச்சிடம் நல்ல டோஸ். ஆனால் அடுத்த வாரப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. ஜூனுக்குப் பிறகு என்ன என்று இன்னும் சொல்லவில்லை.

மே 30 கடைசி ஆட்டம். நீ வர வேண்டும். எங்கள் அறைக்கு மூணு மாடி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. அதுதான் யோசனையாக இருக்கிறது.

உன் வாலு

மே 2

வாலுவுக்கு,

லீவு கிடைத்துவிட்டது. 29ஆம் தேதி காலை வண்டி. அம்மா என் பையில் என் துணிக்கு இடமே விடவில்லை.

மாடி ஏறிவிடுவேன். நடுவில் நின்று நின்றுதான் வருவேன். கை கொடுக்காதே. முன்னால் ஓடாமல், பேசிக்கொண்டு கூடவே ஏறு. அது போதும்.

அண்ணன்