பேர் போட்டாச்சு

அக்கரப்பத்தனை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிலக்ஷிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பி நிரோஷனும் இங்கே நல்ல சுகம், அந்தக் கத்தார் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று, இரண்டு நாள் கஞ்சி குடித்துவிட்டு இப்போது பழையபடி மிளகாய் கேட்கிறார். மழை விட்டபாடில்லை. இன்சாப் நானாவின் மருமகன் விடுமுறை முடிந்து உன் ஊருக்குத்தான் திரும்புகிறார், கடிதம் இருந்தால் கொடுங்கள் என்று கடையில் வைத்துச் சொன்னார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னதும் நீ அழ, நான் அழ, லைன் வெட்டிவிட்டது. கிடைத்த வேலையை நானே வேண்டாம் என்று சொல்லப் பார்த்த கதை உனக்கு இன்னும் தெரியாது.

நேர்முகத் தேர்வுக்கு என்று நீ அனுப்பிய குரல் பதிவுகளை எல்லாம் அடுப்படியில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நிமிர்ந்து உட்காரு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, எனக்கு ஒன்றும் தெரியாதுங்க என்று மட்டும் தொடங்கிவிடாதே. அப்பா என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துத் தானே பெரிய அதிகாரி போலக் கேள்வி கேட்டார், அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வி ஏன் லேட் என்பதுதான். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு அழகம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, புத்தக வண்டியில வேலைக்குப் போறதுக்கு இம்புட்டுக் கூத்தா என்று சிரித்தாள். ஆனால் சேலைக்கு மடிப்புப் பிடித்துவிட்டதும் அவள்தான். எனக்கு உள்ளுக்குள் பயம்தான் மகள். நடமாடும் நூலகத்துக்கு ஆள் தேவை என்ற அறிவித்தலில் வயதெல்லை நாற்பத்தைந்து என்று போட்டிருந்தது. எனக்கு இந்த ஐப்பசியோடு அது முடிகிறது. இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குக்குள் புத்தகத்தைச் செருகிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் தேயிலைக்கு அடியில் உட்கார்ந்து வாசித்தவளுக்கு, புத்தகத்தோடேயே ஒரு வேலை என்றால் இது ஒன்றுதான், இதைவிட்டால் வேறு இல்லை என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை போனபோது நுவரெலியாவில் நல்ல குளிர். என்னோடு வந்திருந்த பெண்கள் எல்லோரும் உன் வயதுப் பிள்ளைகள், கையில் கோப்பும் தோளில் பையுமாக இருந்தார்கள். என்னை உள்ளே கூப்பிட்டு, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். நான் அப்பா தொழிற்சாலையில் வேலை செய்வது, நீ ஹோட்டலில் வரவேற்பில் நிற்பது, தம்பி சாதாரண தரப் பரீட்சை எழுதப்போவது என்று சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் இருந்த சிங்கள அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லோரும் வந்துவிட்டார்கள், நீங்கள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு பயமும் போயிற்று. பிறகு ஒரு சின்னப் பிள்ளைகள் கதையைக் கொடுத்து, எங்களைப் பிள்ளைகள் என்று நினைத்து வாசியுங்கள் என்றார்கள். கிணற்றுக்குள் விழுந்த நிலாவை எடுக்கப் போன குரங்கின் கதை. உனக்கும் தம்பிக்கும் வாசிப்பது போலக் குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன், குரங்கு வாலைப் பிடிக்கிற இடத்தில் என் கையும் தானாகப் போய்விட்டது. தமிழ் அவ்வளவாகத் தெரியாத அந்த அம்மா சரியான இடத்தில் சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

பின்னேரம்வரை எல்லோரையும் இருக்கச் சொன்னார்கள். கடைசியில் அலுவலகத்தில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி வந்து என்னிடம் மெதுவாக, "அக்கா, உங்கட பேர் போட்டாச்சு. திங்கக்கிழமை வந்து ஒரு சைன் வச்சிட்டுப் போங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். நமக்குப் பேர் போடுவது என்றால் என்ன? ஒரு நாள் வேலைக்கு வரவு வைப்பது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அந்தச் சொல்லை நான் வேறு மாதிரிக் கேட்டதே இல்லை. வேலை கிடைக்கவில்லை, நாள் முழுக்கக் காத்திருந்ததற்காக ஒரு நாள் பேர் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பாவும் அப்படியேதான் விளங்கிக்கொண்டார். அழகம்மா மட்டும், நாற்காலியில உக்காந்ததுக்கே ஒரு பேரா, அடுத்த தடவ நானும் வாரேன் என்றாள். சும்மா உட்கார்ந்து கதை வாசித்ததற்குக் கூலி வாங்குவது எனக்கு வெட்கமாக இருந்தது. போவதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் சனிக்கிழமை நீ கேட்டபோது நான் மழுப்பியதும் அதனால்தான்.

திங்கட்கிழமை காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, வழக்கம்போல் மலைக்கு ஏறிவிட்டேன். கூடை பாதி நிறைந்திருந்தபோது போன் அடித்தது. அந்தப் பிள்ளைதான். ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாள். நான் மரியாதையாகத்தான் சொன்னேன், "அந்த ஒருநாள் பேர் எனக்கு வேணாங்க, நீங்க நினைச்சதே போதும்."

வேண்டாமோ என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, "அப்ப வேண்டாம் எண்டு மெடத்திட்டச் சொல்லட்டோ? அடுத்த ஆளுக்குக் குடுக்க வேணும்" என்றாள். நான் ஆமாங்க, யாருக்காவது கஷ்டப்பட்டவங்களுக்குக் குடுங்க என்று சொல்லிவிட்டேன் மகள். சொல்லியேவிட்டேன். போனை வைக்கப் போகும்போது அவள் வருத்தமாக, "நீங்க நல்லா வாசிச்சதெண்டுதான் உங்களுக்கு இந்த வேலையைத் தந்தவை" என்றாள்.

"எந்த வேலைங்க?" என்று கேட்டேன்.

புத்தக வண்டி வேலைக்குத்தான் என் பேரைப் போட்டிருக்கிறார்கள் என்று அவள் சொன்னதைக் கேட்டு வாய்க்காலுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நிரையில் நின்ற அழகம்மா, "நாகு, யாருடி செத்தா?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் போனைப் பிடுங்கி, அவ வாரா, இந்தா எறங்கிட்டா, வேற யாருக்கும் குடுத்துறாதீங்க என்று அந்தப் பிள்ளையிடம் சத்தம் போட்டாள். என் கூடையைத் தன் கூடைக்குள் கொட்டிக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டாள். கங்காணி எங்கே போகிறாய் என்று கேட்டதற்குக்கூட நான் திரும்பவில்லை. சேறு படிந்த காலோடு நுவரெலியா அலுவலகத்தில் போய் நின்றபோது அந்தச் சிங்கள அம்மா பேனாவைத்தான் நீட்டினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நம் பக்கத்தில் பேர் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை வண்டி புறப்படுகிறது. முதலில் நம் பக்கத்துத் தோட்டங்கள், பிறகு இறம்பொடைப் பக்கம். வண்டிக்குள் போய் அலுமாரியில் புத்தகங்களை நானே அடுக்கிவிட்டு வந்தேன், கையில் இன்னும் அந்தப் புதுத் தாள் வாசம் இருக்கிறது. அப்பா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், நான் கேட்டால் ஒன்றும் சொல்லவில்லையே என்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே. நீ நினைத்ததெல்லாம் கைகூடட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். மறந்துவிடாதே, பகல் சாப்பாட்டு நேரத்தில் இனி என்னைப் போனில் கூப்பிடவேண்டாம். மலையில் நின்றுகொண்டு பேசினதுபோல் இனி முடியாது, அம்மா கதை வாசித்துக்கொண்டிருப்பேன், நடுவில் நிறுத்தினால் பிள்ளைகள் என்னை விடமாட்டார்கள்.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா
நாகலெட்சுமி