என் பெயரிலுள்ள ஆழ்குழாய் விண்ணப்பத்தை மறுக்க வேண்டி

அனுப்புநர்:
அ. ஜஸீலா, எம்.எஸ்சி. (உளவியல்),
பள்ளிவாசல் தெரு, தென்மருதங்குடி,
கீழ்வேளூர் வட்டம்.

பெறுநர்:
நிலத்தடி நீர் அனுமதி அலுவலர் அவர்கள்,
கீழ்வேளூர்.

பொருள்: ஆழ்குழாய்க் கிணற்றை மேலும் நூறடி ஆழப்படுத்த என் பெயரில் அளித்த விண்ணப்பத்தை மறுக்கவும், கடல்நீர் எச்சரிக்கை முறையை மாற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடல் மட்டம் உயர்வதாலும் நாம் அளவின்றி இறைப்பதாலும் 2050க்குள் நிலத்தடி நீர் உப்பாகும் என்று எங்கள் ஊரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் மனித மூளை காலடிப் பாம்புக்குப் பதறும் அளவுக்கு முப்பது வருடம் தள்ளி வரும் கடலுக்குப் பதறாது. பக்கத்து வயல் ரெத்தினம் அதைப் படித்துவிட்டு, "அப்ப இருந்தா பாத்துக்கலாம் டீச்சர்" என்று மோட்டார் போடப் போனார்.

2. எங்கள் தெருவில் வயலைப் பற்றி முடிவெடுப்பவர்கள் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் அவர்கள் நாக்கில் படுவதில்லை. ஆபத்தை உடம்பு உணர்ந்தால் மூளை நம்பும் என்று கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் நான். ஆகவே பெருநாள் விடுப்பில் வந்த என் கணவர் அப்சருக்கு எங்கள் போர் தண்ணீரை ஒரு டம்ளர் கொடுத்தேன். துப்பிவிட்டு, "இதையா நாத்துக்குப் பாய்ச்சுறே?" என்றார். மறுநாளே, "மேல் தண்ணிதான் கெட்டுப்போச்சு, இன்னும் நூறடி இறக்குவோம்" என்று விண்ணப்பம் எழுதி வந்தார். நிலம் என் பெயரில் இருப்பதால் நான் கையெழுத்திட்டேன்.

3. விடுப்பு முடிய நான்கு நாட்களே இருந்தன. சண்டையோடு அவரை விமானம் ஏற்ற மனம் வரவில்லை. ரெத்தினத்துக்கு உள்ள அதே மூளைதான் எனக்கும்.

4. வழி காட்டாமல் பயத்தை மட்டும் கொடுத்தால் மூளை பழகிய வழிக்கே ஓடும். என் வீட்டில் நடந்தது அதுதான். எனவே ஊரிலுள்ள ஒவ்வொரு போரின் உப்பளவையும் மாதந்தோறும் ரேஷன் கடையில் எழுதி வைக்க வேண்டும். விடுப்புக் காலத்தில் கூட்டம் போட்டு, தண்ணீரைக் குடிக்கக் கொடுத்த கையோடு உப்பு தாங்கும் விதைநெல்லையும் கொடுக்க வேண்டும். இதனால் கடல் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை.

5. விண்ணப்பத்தை நானே திரும்பப் பெறலாமே என்று தாங்கள் கேட்கலாம். பெற்றால், என் கணவர் ஒரு வாரம் விடாமல் போனில் பேசுவார். நான் மறுபடியும் கையெழுத்திடுவேன். நாங்கள் நூறடி இறக்கினால் ரெத்தினமும் இறக்குவார், தெருவே இறக்கும். ஆகவே தாங்களே மறுத்து, காரணத்தைத் தமிழில் எழுதி என் வீட்டு முகவரிக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். அதை அவருக்குப் போனில் வாசித்துக் காட்டுவேன்.

இதற்குப் பிறகும் என் கையெழுத்தோடு இன்னொரு விண்ணப்பம் வந்தால், அருள்கூர்ந்து அதையும் மறுத்துவிடுங்கள்.

இடம்: தென்மருதங்குடி
நாள்: 10.07.2017

தங்கள் மறுப்பை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
அ. ஜஸீலா